பால் கட்டிய நாட்கள்

மார்பில் வந்த நோவைப் பற்றியா எழுதப் போகிறாய் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று வாசல் பக்கம் வேறு எட்டிப் பார்த்தார். காலில் வந்திருந்தால் எழுதலாமாம். முதுகில் வந்திருந்தாலும் எழுதலாமாம். இடம் பார்த்து வர அந்த நோவுக்குத் தெரியவில்லை, நான் என்ன செய்ய? இந்த வெட்கத்தால்தான் நான் சாகக் கிடந்தேன். செத்திருந்தால் லயத்து வரிசை வீடெல்லாம் கூடி மாரடித்து அழுதிருக்கும். அப்போது மட்டும் ஒருவருக்கும் வெட்கம் வந்திருக்காது.

ஆகவே எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிறகு தலையில் கொழுந்துக் கூடை ஏறிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. லயத்தில் எனக்கு ஒற்றை அறையாக ஒரு காம்பரா. அடுத்த காம்பராவில் என் கொழுந்தனும் அவன் மனைவி முத்தாயியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே பாதி திறந்துதான் கிடக்கும். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். நான் மூத்தவர் மனைவி என்பதால் முத்தாயி என்னை அக்கா என்று கூப்பிடுவாள். வாயில்லாப் பூச்சி. நான் நாலு வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அதையும் பாதியில் விழுங்கிவிடுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் முழுகாமல் இருந்தோம். எனக்கு முதலில் பெண் பிள்ளை பிறந்தது. தோட்டத்து மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு என் மாமியார் பொறுப்பை எடுத்துக்கொண்டார். வேப்பிலை போட்ட சுடுதண்ணீரில் குளிக்க வைத்தார். பழைய வேட்டியைக் கிழித்து, வயிற்றைச் சுற்றி மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினார். அப்படிக் கட்டினால்தான் வயிறு தொங்காது, இடுப்புக்கும் பலம் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். காலையில் காயம் என்கிற மருந்து உருண்டை, மத்தியானம் பூண்டுக் குழம்பு, கருவாடு. பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு என்று காற்றுப்படாமல் வைத்திருந்தார். ராணி மாதிரி இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

மூன்று வாரம் கழித்து முத்தாயிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நன்றாக அழுதது, நன்றாகக் குடித்தது. ஒரு வாரம் ஆவதற்குள் உடம்பு நீலம் பாரித்துப் போய்விட்டது. ஆண்கள் மட்டும் கொண்டுபோய்த் தேயிலைக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமியார் முத்தாயியின் காம்பராவிலிருந்து காயம் இருந்த சட்டியைத் தூக்கி வந்து என் அடுப்படியில் வைத்தார். இஞ்சியும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் இடித்து அவளுக்காக உருட்டியது.

“அவளுக்கு இனி எதுக்கு? நீ தின்னு. பால் ஊறும்” என்றார்.

மாமியார் கொடுமைக்காரி இல்லை. மூத்த மருமகளுக்குச் செய்ததையெல்லாம் இளையவளுக்கும் செய்யக் காத்திருந்தவர்தான். ஆனால் பத்தியமும் மருந்தும் பிள்ளைக்காரிக்கு. பிள்ளை போய்விட்டால் அவள் பிள்ளைக்காரி இல்லை. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் பெற்றவள்தான், அவள் உடம்பும் பச்சை உடம்புதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அந்த உருண்டையை வாங்கித் தின்றேன். சுவரின் அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே தின்றேன்.

தீட்டுக் கழிந்ததும் முத்தாயி வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போய் நின்றாள். கங்காணி பேர் எழுதிக்கொண்டார். பிள்ளை இல்லாமல் காம்பராவுக்குள் உட்கார்ந்து அவள் என்ன செய்யப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். என் லீவும் அந்த வாரமே முடிந்தது. பாப்பாவைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு நானும் கூடையைத் தூக்கினேன். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைத் தோட்டத்து ஆயா ஒருத்தி அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

அது மழை விட்டு வெயில் காட்டிய நேரம். கொழுந்து தள்ளிக்கொண்டு வந்தது. எங்களை மேல்மலைக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்காம்பராவோ கீழே, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில். பிள்ளைக்காரிகள் நடுவில் இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்பது தோட்டத்தில் உள்ள முறைதான். முதல் நாள் போய் வந்தேன். திரும்பி மூச்சிரைக்க ஏறி வந்து பார்த்தால், என் நிரைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எங்கேயோ முன்னால் போய்விட்டார்கள். கங்காணி என்னைப் பார்த்தார். தொண்டையை மட்டும் செருமினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நான் இறங்கவில்லை. பாப்பாவுக்குச் சீனித்தண்ணீர் கொடுக்கச் சொல்லி ஆயாவிடம் சொல்லிவிட்டேன்.

மார்புக்கு ரோஷம் தெரியுமா? நேரமானதும் பால் வடிந்து ரவிக்கை நனைந்தது. கணக்கப்பிள்ளை, கங்காணி, செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர்கள் என்று ஆண்கள் போய்வருகிற இடம். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. வயிற்றில் கட்டியிருந்த வேட்டித் துணியை அவிழ்த்து மேலே ஏற்றி மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதற்கு மேலே ரவிக்கை, அதற்கும் மேலே கம்பளி. ஒரு சொட்டு வெளியே தெரியவில்லை. என் புத்தியை நினைத்து எனக்கே பெருமை.

எங்கள் லயத்தில் மாடு வைத்திருக்கிற எவனும் ஒரு வேளை கறக்காமல் விடமாட்டான். மடி கட்டிக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், என் அப்பாவே மாடு வைத்திருந்தவர்தான். மாட்டுக்குக் கொடுத்த மரியாதையை நான் என் உடம்புக்குக் கொடுக்கவில்லை.

முதலில் வலது பக்கம் ஓர் இடம் மட்டும் கல்லாகக் கெட்டித்தது. தொட்டால் வலித்தது. பிறகு சிவந்தது, சூடு ஏறியது. ஒரு நாள் பெரட்டில் நிற்கும்போதே பல் கிட்டும் அளவுக்குக் குளிர் வந்தது. இதைப் படிக்கிற பிள்ளைக்காரிகளுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கெட்டிப்பு, சிவப்பு, சூடு, குளிர்காய்ச்சல். இந்த நாலும் சேர்ந்து வந்தால் அது பால் கட்டு. அடைபட்ட பால் வெளியே வர வேண்டும். துணியைக் கட்டி அதை உள்ளேயே பூட்டி வைக்கக் கூடாது. பிள்ளையைக் குடிக்க விடுங்கள், இல்லாவிட்டால் பிழிந்தாவது எடுங்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

நானும் காட்டப் போனேன். போய் எதைக் காட்டினேன் என்றுதான் கேளுங்கள். தோட்டத்து மருந்துக் காம்பராவில் டிஸ்பென்சர் ஐயா இருந்தார். வயதானவர், நல்ல மனிதர், ஆனால் ஆண்பிள்ளை.

“என்னம்மா?”

“காய்ச்சலுங்க.”

“குளிருதா?”

“குளிருதுங்க.”

“வேற?”

“வேற ஒன்னும் இல்லீங்க.”

நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். கசப்பு மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். மருத்துவச்சி அம்மா எப்போது வருவார் என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால்? பேசாமல் வந்துவிட்டேன். கொடுத்த கசப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு மறுநாளும் மலை ஏறினேன். மலையிலேயே விழுந்தேன்.

விழுந்த என்னைத் தூக்கியவள் முத்தாயி. இரண்டு நிரை தள்ளிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாளாம். கங்காணியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கம்பளியை மறைப்பாகப் பிடித்து, ரவிக்கையைத் தளர்த்தியிருக்கிறாள். அந்தத் துணியை அவள் அவிழ்த்தபோது வந்த வலியில் எனக்கு நினைவு திரும்பியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு கோபமாக அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

“அக்கா, இதப் போயா மறைச்சு வச்சீங்க? பால் குடிக்க வீட்டுல புள்ள இருக்கும்போது இத இப்பிடியா கட்டி வைப்பாங்க?”

அந்தக் கேள்விக்குள் அவள் கேட்காமல் விட்டது ஒன்று இருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி டிஸ்பென்சர் ஐயா சீட்டு எழுதினார். “மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நான் ஒங்கப்பா மாதிரி” என்று திட்டினார். தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியில் முன்னால் இடம் கொடுத்தார்கள். பிள்ளைக்காம்பராவிலிருந்து பாப்பாவைத் தூக்கி வந்தார்கள். பசியில் கத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குக் கக்குவான் பரவியிருக்கிறது, கைக்குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம் என்று டிஸ்பென்சர் ஐயா தடுத்தார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்தாயி யாரையும் கேட்கவில்லை. பாப்பாவை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அழுகை நின்றுவிட்டது.

அவளுக்குப் பால் இன்னும் வற்றவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் பாப்பா அழும்போதெல்லாம் அந்தப் பக்கம் அவளுக்கும் வடிந்திருக்கிறது. சொந்தக் குழந்தை மண்ணுக்குள். யாரிடம் சொல்லுவாள்? “மகராசி, நீ நல்லா இருக்கணும்” என்று லொறியிலிருந்தே கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்ததுதான் பெரிய பாடு. எனக்கு முன்னால் ஒரே கூட்டம். சாய்ந்துகொள்ளவும் முடியாது, நிமிர்ந்து உட்காரவும் முடியாது. எங்கள் வீட்டுக்காரர் தோளைக் கொடுத்தார். வீட்டில் பத்துப் பேர் முன்னால் என் பக்கத்தில் உட்காரவே கூச்சப்படுகிற மனிதர், அத்தனை பேர் பார்க்கத் தோளைக் கொடுத்தார். அதை எழுதாமல் விட்டால் பாவம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“எத்தினை நாளா இப்பிடி? ஏன் பிள்ளை, நீ முந்தியே வரேல்லை?”

“வெக்கமா இருந்துச்சுங்க.”

“வெக்கத்தை அறுக்க ஏலாது. இதைத்தான் அறுக்கவேணும்.”

பால் தங்கிய இடத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கிறது, இனி ஊசி மட்டும் போதாது, கீறி எடுக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னார். மயக்க மருந்து கொடுத்துத்தான் கீறினார்கள், அது தெரியவில்லை. மறுநாள் காலையில் மருந்து கட்ட வந்தபோதுதான் தெரிந்தது. புண்ணுக்குள் நாடா மாதிரி நீளமாகத் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். உள்ளே சீழ் நிற்காமல் வெளியே வடிய அது வழியாம். தினமும் பழையதை உருவி எடுப்பார்கள், புதியதைத் திணிப்பார்கள். பிள்ளை பெற்ற வலியைத் தாங்கிவிட்டேன், அந்தத் துணியை உருவும் வலிக்கு என் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தொடையில் பென்சிலின் ஊசி வேறு.

மருந்து கட்டுகிற நர்ஸை மிஸ்ஸி என்போம், அவர் சிங்களத்துப் பெண். கொஞ்சம் தமிழ் தெரியும். வலியில் நான் கட்டில் கம்பியைப் பிடித்தால், “பய வெண்ட எபா, பய வெண்ட எபா” என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். பயப்படாதே என்று அர்த்தம். இடது பக்கப் பாலை வேளைக்கு வேளை பிழிந்து எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இல்லாவிட்டால் அதுவும் கட்டும், கட்டாவிட்டால் வற்றும் என்றார். பிழிந்த பாலைக் கொட்டும்போது எனக்குக் கண்ணீர் வரும்.

ஒரு நாள் என் கண் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “ரத்தமே இல்ல. பாப்பா பாக்க ஆள் இருக்கு. ஒங்கள பாக்குறது யாரு?” என்று கேட்டார்.

“நாங்க தோட்டத்து ஆளுங்க மிஸ்ஸி. எங்களுக்கு என்ன.”

“தோட்டத்து ஆள் ஒடம்பு வேற ஒடம்பா?” என்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் புண் இழுத்தது. அவர் கேட்டது சிரிக்கிற கேள்வி இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

லீவு கிடைத்த நாளெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். பாண் ரொட்டி, வாழைப்பழம், ஒரு முறை எங்கேயோ பிடித்து முட்டை அவித்துக் கொண்டுவந்தார். நான் கேட்கிற முதல் கேள்வி பாப்பா எப்படி இருக்கிறாள் என்பதுதான்.

“அவளுக்கென்ன, முத்தாயிகிட்ட ஒட்டிக்கிட்டா. நல்லா சத போட்டிருக்கா. முத்தாயிய விட்டா வேற யாருகிட்டயும் போறதில்ல.”

நல்ல சேதிதான். முதல் முறை கேட்டபோது வயிறு குளிர்ந்தது. இரண்டாம் முறை கேட்டபோது உள்ளே ஏதோ குத்தியது. அடுத்த முறை, “சரி சரி, தெரியுது” என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் வாழைப்பழத்தை உரித்தார். வார்டில் படுத்துக்கொண்டு எனக்கு வேறு வேலை இல்லை. என் பிள்ளை என்னை மறந்துவிடுவாளோ என்ற ஒரே நினைப்பு. இடது பக்கத்துப் பாலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. கிண்ணத்தின் அடியைத்தான் நனைத்தது. அது குறையக் குறைய முத்தாயி மேல் எனக்கு ஆத்திரம் ஏறியது. என் பிள்ளைக்குப் பால் கொடுத்ததைத் தவிர அவள் என்ன பாவம் செய்தாள்?

புண் மூடி வருகிறது, இனித் தோட்டத்திலேயே மருந்து கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். லயத்துக்கு வந்து கம்பளியைக்கூடக் கழற்றவில்லை, கையை நீட்டினேன். பாப்பா என்னைப் பார்த்தாள். என் மேல் ஆஸ்பத்திரி மருந்து வாடை. முகத்தைச் சுளித்து, திரும்பி, முத்தாயியின் தோளைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

“அக்கா, கொஞ்ச நேரத்துல வந்துருவா. இப்ப பசி. நான் குடுத்துட்டுத் தர்றேன்” என்று முத்தாயி சொன்னாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

நான் பிள்ளையைப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டு சொன்னேன்:

“வேணாம். செத்த புள்ளைக்குச் சொரந்த பாலு எம் புள்ளைக்கு வேணாம்.”

அந்த வாயால் நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சாமி பேர் சொல்லியிருக்கிறேன். கழுவிப் போகவில்லை. அத்தனை நாள் என் பிள்ளையின் உயிர் அந்தப் பாலில்தான் நின்றது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன். எங்கே வலிக்கும் என்று தேடிப் பார்த்துச் சொன்னேன்.

முத்தாயி தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாப்பாவுக்கு டின் பால் கரைத்துக் கொடுத்தோம். இடது பக்கம் இருந்த கொஞ்சத்தையும் கொடுத்தேன். அவளுக்கு அது போதவில்லை. விடாமல் அழுதாள். அழ அழ, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அடுப்பு ஊதுகிற சத்தம்கூட இல்லை. நான் வீம்பாக இருந்தேன். என் பிள்ளையை நான் மீட்டுவிட்டேன் என்று இருந்தேன்.

சில நாள் போயிருக்கும். காலையில் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனேன். எனக்கு முன்னால் முத்தாயி நின்றாள். வெயில் நன்றாக ஏறிவிட்டது, அவள் கம்பளியைத் தலைவரை இழுத்து மூடியிருந்தாள். குடத்தை எப்போதும் வலது இடுப்பில் வைப்பவள், அன்றைக்கு இடது பக்கம் வைத்தாள். வலது கையை உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருந்தாள். குளிரில் பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்படிக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு நடக்கிறவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அந்த லயத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

குடத்தைக் கீழே போட்டேன். அவளை இழுத்துக்கொண்டு என் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று கெஞ்சினாள். கம்பளியை விலக்கி ரவிக்கையை அவிழ்த்தேன். வெள்ளைத் துணி. நான் கட்டியிருந்தது மாதிரியே இறுக்கி, மூன்று சுற்று. அவிழ்த்தபோது உள்ளே தகதகவென்று சிவந்திருந்தது.

“அடிப் பாவி! என்னய ஆஸ்பத்திரியில கீறுனாங்கன்னு தெரியுமில்ல? தெரிஞ்சுமா இப்பிடிக் கட்டுன? ஏண்டி யாருகிட்டயும் சொல்லல?”

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“என்னன்னு சொல்றது அக்கா? பால் கட்டிருச்சுன்னா, புள்ள எங்கன்னு கேப்பாங்க.”

நான் வெட்கப்பட்டது ஆண்கள் பார்ப்பார்களே என்று. இவள் வெட்கப்பட்டது தனக்குப் பால் இருக்கிறதே என்று. அந்தப் பாலுக்குச் செத்த பிள்ளையின் பால் என்று நான் பேர் வேறு வைத்துக் கொடுத்திருந்தேன். பாப்பா குடித்தவரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பிடுங்கிய அன்றைக்குத்தான் அடைபட்டிருக்கிறது.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக் காம்பராவுக்குப் போனேன். வரிசையில் நின்ற ஆண்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், “ஐயா, இவளுக்குப் பால் கட்டியிருக்கு. காய்ச்சல் அடிக்குது. இப்பவே லொறிக்குச் சொல்லுங்க” என்று லயம் பூராவும் கேட்கச் சொன்னேன். டிஸ்பென்சர் ஐயா நாக்கை நீட்டச் சொல்லவில்லை. நேராகச் சீட்டை எழுதினார். பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டதற்கு, கக்குவான் அடங்கிவிட்டது, கொண்டுபோ என்று தலையை ஆட்டினார்.

லொறியில் போகும் வழியெல்லாம் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். எதை எடுத்தாலும் அந்தப் பழைய வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. அவள் கண்ணை மூடியபடி சாய்ந்திருந்தாள். பாப்பா என் மடியிலிருந்து அவள் பக்கம் தாவித் தாவி விழுந்தாள். நான் இழுத்து இழுத்துப் பிடித்தேன். அவளுக்கு வலிக்குமே என்றுதான் பிடித்தேன், ஆனால் அவள் என்ன நினைத்தாளோ.

அதே டாக்டர்தான். அழுத்திப் பார்த்தார். முத்தாயி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னும் சீழ் கட்டேல்லை. நல்ல காலத்துக்கு நேரத்தோட வந்திட்டீங்கள். கீறத் தேவையில்லை. ஊசி போடுவம். ஆனா உள்ள நிக்கிற பால் வெளிய வரவேணும். பிள்ளை குடிச்சாத்தான் நல்லா வரும்.”

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். பழைய மிஸ்ஸிதான் வந்தார். ஊசி போட்டார், சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒற்றடம் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து முத்தாயியைப் பார்த்துக் கேட்டார்.

“பாப்பா எங்க?”

முத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அந்தக் கேள்விக்குப் பயந்துதானே அவள் இத்தனை நாள் துணியைக் கட்டிக்கொண்டு மலை ஏறினாள்.

“இங்க இருக்குங்க மிஸ்ஸி” என்றேன். பாப்பாவை அவள் மடியில் வைத்தேன்.

முத்தாயி பிள்ளையைத் தொடவில்லை. கையை இரண்டு பக்கமும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற முகம்.

“இந்தப் பால் பாப்பாவுக்குக் குடுக்கலாமா அக்கா?”

நான் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். தன் பாலில் ஏதோ தோஷம் இருக்கிறது, அது பிள்ளைக்கு ஆகாது என்று அவள் நம்பியே இருந்தாள். அந்த நம்பிக்கை அவளை மார்பில் கட்டிய துணியை விட இறுக்கமாகக் கட்டியிருந்தது. நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வாயில் அடித்துக்கொண்டேன்.

“குடு முத்தாயி. அத விட்டா அவளுக்கு வேற பாலு கெடையாதுடி. எனக்கு வத்திப் போச்சு.”

அவள் பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாப்பாவைத் தூக்கி அணைத்தாள். வலியில் அவள் முகம் கோணியது, பிள்ளையை மட்டும் விலக்கவில்லை.

மிஸ்ஸிக்கு எங்கள் கதை எங்கே தெரியும், என் பாப்பாவை அவர் கண்டதே இல்லை. கட்டில் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளையின் அம்மா பெயர் என்ன என்று கேட்டார், முத்தாயி என்று சொன்னேன். பிள்ளை பொம்பிளைப் பிள்ளையா என்று கேட்டார், ஆமாம் என்றேன். முத்தாயி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். மிஸ்ஸி எழுதி முடித்துச் சீட்டைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டார். நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை.